நீலம் பூசிய சுவர்

நண்பா,

இன்று காலை பக்கத்து லயத்து வரிசை வீட்டில் யாரோ கதவுக்கு எனாமல் பெயின்ட் அடித்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே ஊற்றிவிட்டேன். நீ கண்ணை மூடி இரண்டு வருஷமாகியும் அந்த வாடை என்னை விடுவதாயில்லை.

நம் தேயிலைத் தோட்டத்துக் கோயில் சுவர்தான் ஞாபகம் வந்தது. இந்தியாவிலிருந்து கடல் கடந்து, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்த நம் சனங்களை, வந்தவர்களில் ஒருவரே அதில் வரைந்து வைத்திருந்தார். தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை, கடைசியில் கம்பூன்றிய ஒரு கிழவன். ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்து மழை கூரை வழியாக இறங்கி அவர்களைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தின்றது. பழையதைக் காப்பாற்ற வெளிநாட்டிலிருந்து பணம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கமிட்டிச் செயலாளனான நான் சுவரின் போட்டோவோடு விண்ணப்பம் எழுதினேன். தலைவனான நீ கையெழுத்து வைத்தாய். நேரில் பார்க்க வருவதாகப் பதில் வந்தது.

தோட்டத்துக்குப் பெரிய ஆட்கள் வந்தால் பாதையோரக் கல்லுக்குக்கூட வெள்ளையடிக்கிறவர்கள் நாம். எண்ணெயும் புகையும் படிந்த அந்தச் சுவரைக் காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. ரத்தோட்டைக் கடையில் நீலப் பெயின்ட் வாங்கி வந்தேன்.

"இருக்கிறபடியே இருக்கட்டும்டா" என்றாய்.

"வர்றவங்க முன்னாடி மானம் போகணுமா?" என்று உன் வாயை அடைத்தேன். ஆட்களெல்லாம் கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருந்த பகலில் அந்தப் படத்தின் மேலேயே நான் அடித்தேன், நீ ஏணியைப் பிடித்தாய்.

பணம் தருகிற இடத்திலிருந்து வந்த அம்மா சுவரையும் விண்ணப்பத்துப் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார். தோட்டமே கூடி நின்றது. நான் கூட்டத்துக்குள் ஓரடி பின்வாங்கினேன். "நான்தாங்க" என்று நீ சொன்னாய்.

பணம் வரவில்லை. கோயிலைக் கெடுத்தவன் என்ற பேர் உனக்கு வந்தது. திருவிழாவில் முதல் விபூதி உனக்குக் கொடுப்பதை நிறுத்தினார்கள். அதன்பிறகு நீ அந்த வாசலை மிதிக்கவேயில்லை. ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று ஒருநாள் கேட்டேன். "எழுதத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். ஒன்னத் தள்ளி வச்சுட்டா அடுத்த வாட்டி யாரு எழுதுவா?" என்றாய்.

அடுத்த வாட்டி நேற்று வந்தது. உன் மகள்தான் இப்போது கமிட்டித் தலைவி. நீலத்தைப் பக்குவமாக எடுத்து அடியிலிருக்கும் படத்தை மீட்க அந்த வெளிநாட்டுக்காரர்கள் உதவுவார்களாம். படிவத்தை நீட்டினாள். சேதம் யாரால் ஏற்பட்டது என்று அதில் ஒரு கேள்வி.

"அப்பான்னே எழுதிருங்க மாமா. மறைச்சா இந்த வாட்டியும் குடுக்க மாட்டாங்க" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். உன் பெயரை எழுதினேன்.

"எழுத்து எவ்வளவு அழகா இருக்கு மாமா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நண்பா, இந்த மடலில் நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். அவள் வீடு இதே லயத்து வரிசையில் நாலு காம்பிரா தள்ளித்தான். கொண்டுபோய்க் கொடுக்கத்தான் எனக்குத் தைரியமில்லை.