அழுங்கின் மேல் தைத்த மதகு உடன்படிக்கை

அவைக்கண் இருந்தோர்: கழனிக்கோட்டு அரசரின் ஓலைகளை எழுதிக் காக்கும் ஓலைநாயகம் மருதங்கண்ணர்; இளையோர் கூத்துக்கு வேடம் தைக்கும் எயினி; அவ்வேடத்துக்குள் கீரந்தை; மேல்மடைத் தூதர், சிரித்து முடிக்கும்வரை.

மலைமுகட்டு மழையை முதலில் பெறுபவரும், பெற்றதைப் பகிர்ந்து நல்குபவருமாகிய மேல்மடைப் பேரமைச்சர் தித்தியனார் திருமுன்பு, கழனிக்கோட்டு அரசர் ஆணையால் ஓலைநாயகம் விடுக்கும் ஓலை. தங்கள் ஏரி ததும்புக, மதகுப்பலகை உளுக்காதிருக்க.

மதகு உடன்படிக்கையின் மூல ஓலையை முழுநிலவுக்குள் காட்டாவிடில் நீரை அடைப்பதாகத் தாங்கள் அறிவித்தது முறையே. அடைத்தால் பால்பிடித்து நிற்கும் எங்கள் நெல் பதராகும். அவ்வோலை தொலையவில்லை. எரியவில்லை. செல் அரிக்கவுமில்லை. தற்போது அது ஓர் அழுங்கின் செதிலாக இருக்கிறது.

விழாவில் இளையோர் ஆடும் கூத்தில் அழுங்கு வருகிறது. உடலெல்லாம் செதில் மூடிய, தொட்டால் சுருண்டுகொள்ளும் காட்டுவிலங்கு. செதிலுக்குக் கழிவோலை வேண்டி எயினி ஓலைக்கூடம் வந்தபோது, ஓலைநாயகம் எழுத்தாணியை நிறுத்தாமலும் தலையை நிமிர்த்தாமலும், வேண்டியதை எடுத்துக்கொண்டு ஓசையின்றிப் போகுமாறு பணித்தார். கழிவோலைகள் வளைத்ததும் முறிந்தன. அருகே எண்ணெய் பூசிக் காயவைத்திருந்த உடன்படிக்கையோ வெற்றிலைபோல் வளைந்தது. எயினி நல்லதைத் தேர்ந்தாள். அவள் தொழிலில் அது குற்றமாகாது.

பின்னர் நேர்ந்ததே ஓலைநாயகத்தின் பொறுமையைத் தின்றது. உடலோடு ஒட்டியிருந்தால்தான் சுருளும்போது செதில் விரியும் என்று, அழுங்காக ஆடும் கீரந்தையை இரண்டு நாள் நிற்கவைத்து, துண்டாக்கிய ஓலைகளை முரட்டுத்துணியில் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, அவன் மேலேயே நாரால் தைத்து முடித்தாள். கழற்ற வழி விட மறந்தாள். வழி எங்கே என்று வினவியபோது, கழற்றுவதைப் பற்றி ஆட்டத்துக்குப் பின் எண்ணலாமென்று இருந்ததாக விடையளித்தாள். எங்கே வெட்டினாலும் ஏதோவொரு விதி அறுபடும். மாதத்தில் ஒன்பது நாள் மதகு திறந்திருக்கவேண்டும் என்னும் விதி அவன் மார்பில் தொடங்கித் தொடையில் முடிகிறது. அவன் சுருண்டால் மட்டுமே சேர்த்துப் படிக்க இயலும்.

தங்கள் தூதர் முன் அவனைச் சுருளச் செய்தோம். இவ்வுடன்படிக்கை இருமுகிறது என்றும், இருமும் ஆவணத்தைத் தம் நாடு முன்பு கண்டதில்லை என்றும் அவர் நகையாடினார். படியெடுத்துத் தருகிறோம் என்றதற்கு, படி செல்லாது, மேல்மடை எழுத்தரே மூலத்தைப் படித்து ஒப்பவேண்டும் என்று கூறிப் புறப்பட்டார்.

மூல ஓலை காப்பறையை விட்டு அகலலாகாது என்பது முன்னோர் விதி; எனவே கீரந்தையும் அங்கேயே வைக்கப்பட்டான். ஓலையைக் கைநழுவ விட்டவரும் அதனோடு உள்ளிருக்கவேண்டும் என்பது எங்கள் அரசர் இன்று காலை இயற்றிய விதி. உதிரும் செதிலைத் திரும்பத் தைக்க அறிந்தவள் எயினி ஒருத்தியே ஆதலால் திறவுகோல் அவளிடம். வாலுக்கு இன்னும் பத்து எண்ணெய் ஓலை வேண்டும் என்று அவள் விண்ணப்பித்தாள், அது மறுக்கப்பட்டது. முதுகு அரிப்பதாகக் கீரந்தை முறையிட்டான். அரசாவணத்தைச் சொறியும் அதிகாரம் தமக்கில்லை என்று ஓலைநாயகம் மறுத்தார். அடுத்த நாழிகையில் சொறிந்தார். எழுத்து எதுவும் உதிரவில்லை.

ஆகவே, கூச்சம் மூட்டாத விரலுடைய எழுத்தர் ஒருவரை முழுநிலவுக்கு முன் அனுப்புக. அவர் படித்து முடிக்கும்வரை பலகையை இறக்காதிருக்க. அதன்பின் வேடத்தை வெட்டலாம். கூத்து முடிந்தபின்பே வெட்டவேண்டும் என்கிறாள் எயினி. அவள் சொல்லைக் கேட்கும் நிலையிலேயே இருக்கிறோம்.

இது அரசர் ஆணை. அரக்கின் மேல் நெற்கதிர் முத்திரை. பனை நிற்கும்வரை இச்சொல் நிற்க.

துணையெழுத்தன் சேர்த்தது: ஓலைநாயகம் தம் எழுத்தாணியையும் ஒரு விசிறியையும் எடுத்துக்கொண்டு காப்பறைக்குள் நுழைந்தார். கீரந்தை இடம் விட்டு ஒதுங்கினான். எயினி கதவைச் சாத்திப் பூட்டினாள்.