வெர்னெல் இருந்த இடம்

அன்பு மகள் லட்ரீசுக்கு அம்மா எழுதுவது. எல்லாரும் சுகம் என்று தொடங்கத்தான் எனக்கும் ஆசை, ஆனால் உன் அப்பா பிழைத்துக்கொண்டார் என்றுதான் இந்த முறை எழுத முடிகிறது. பதறாதே, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவிட்டார், இன்று காலை கஞ்சியை முழுக்கக் குடித்தார். நீ அந்த வடக்குக் குளிரில் கழுத்தை மூடிக்கொண்டு நடக்கிறாயா? இங்கே மிசிசிப்பியில் இன்னும் மின்விசிறி ஓடுகிறது. வெள்ளிக்கிழமை அப்பா இருக்கும் முதியோர் இல்லத்து மேலாளர் ப்ரூயிட்டுக்குப் போன் செய்து வேலைக்கு வருகிறேன் என்று சொல்லப்போவதாகச் சொன்னாய் அல்லவா, அதற்கு முன்னால் இதைக் கடைசி வரை படித்துவிடு. போனில் சொன்னால் நான் அழுதுவிடுவேன், நீ பாதியில் குறுக்கே பேசுவாய்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அப்பாவுக்கு வறுத்த மீனும் கீரையும் எடுத்துக்கொண்டு இல்லத்துக்குப் போனேன். வெர்னெல்தான் பணியில் இருந்தாள், உன்னைப் போலவே ஒரு வருடம் படித்து உரிமம் வாங்கிய நர்ஸ், அப்பாவுக்கு முகம் மழித்துவிடுகிறவள் என்று சொல்லியிருக்கிறேனே, அவள்தான். முந்தின நாள் சாயங்காலம் வந்தவள், இன்னும் போகவில்லை. மருந்து அலமாரிச் சாவியை அடுத்த நர்ஸ் கையில் கொடுக்காமல் வாசலைத் தாண்டினால் நோயாளிகளை விட்டுவிட்டு ஓடினவள் என்று உரிமத்தையே பிடுங்கிவிடுவார்கள், இது எனக்கு நீ சொல்லித் தெரியும், ஆனால் அந்தச் சாவிக் கொத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒருத்தி சுவரைப் பிடித்து நடப்பதை அன்றுதான் பார்த்தேன். காலையில் வரவேண்டியவள் வரவில்லை. ப்ரூயிட்டுக்குப் போன் போட்டால் இன்னும் கொஞ்ச நேரம் சமாளி என்கிறாராம், அதையே விடிந்ததிலிருந்து சொல்கிறாராம். ரெண்டு வராந்தா நோயாளிகளுக்கும் அவள் ஒருத்திதான். செருப்பைக் கழற்றி மருந்து வண்டிக்கு அடியில் வைத்துவிட்டு வெறும் காலுறையோடு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

உன் அப்பா வெயிலுக்காக, அங்கேயே இருக்கும் சர்க்கரை நோயாளி டாலிவர் உட்காரும் ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்திருக்கிறார். தூங்காத கண்ணுக்கு முகம் பிடிபடாமல், டாலிவர்தானே என்று வெர்னெல் கேட்டாளாம், பக்கவாதம் வந்ததிலிருந்து எதைக் கேட்டாலும் உன் அப்பா தலையாட்டுகிறவர், அதற்கும் ஆட்டியிருக்கிறார். டாலிவருக்குப் போடவேண்டிய இன்சுலின் அப்பா உடம்பில் இறங்கிவிட்டது. நான் மீனில் முள் எடுத்துக்கொண்டிருக்கிறேன், அவருக்கு வேர்த்துக் கொட்டுகிறது, கை ஐஸாக இருக்கிறது, என்னைப் பார்த்து, செத்துப்போன தன் அக்கா பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். நான் போட்ட கூச்சலில் வெர்னெல் ஓடி வந்தாள், ஒரு பார்வைதான், அவளுக்குப் புரிந்துவிட்டது. சர்க்கரையை ஏற்றும் அவசர ஊசி போட்டதும் ஆம்புலன்ஸ் கூப்பிட்டதும் அவள்தான். வந்தவர்களிடம் ஒளிக்காமல், "நான்தான் ஆள் மாத்திப் போட்டுட்டேன், எழுதிக்கோங்க" என்று சொன்னாள். மூடி மறைக்கிறவளாக இருந்தால் உன் அப்பா இன்று இல்லை, மகளே.

மறுநாளே அவளை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். உரிமம் கொடுக்கும் வாரியத்துக்கும் எழுதிவிட்டார்களாம், விசாரணை வருகிறது. அடுத்த நாள் ப்ரூயிட் என்னைக் கூப்பிட்டுத் தேனாகப் பேசினார். "உங்க பொண்ணுக்குன்னு ஒரு இடம் வச்சிருக்கோம்மா, அப்பாவையும் அவளே பாத்துக்கலாம்ல?" என்றார். அது யார் இடம் என்று எனக்குத் தெரியாதா? உன் தம்பி டான்ட்ரெல் வரச்சொல்லு வரச்சொல்லு என்று என்னை அரிக்கிறான், பாதிரியார் மனைவியும் சொந்த ரத்தம் பக்கத்தில் இருந்தால் தெம்புதானே என்கிறாள். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? உன் அறைக்குத் திரைச்சீலை வெட்டித் தைத்தே வைத்துவிட்டேன். ஆனால் வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுவரைப் பிடித்து நடப்பது நீயாகத்தான் இருப்பாய்.

ஆஸ்பத்திரி வார்டுகளில் உங்கள் ஒரு வருடப் படிப்புக்கு இனி இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்பதற்காக இதில் வந்து விழாதே. அங்கேயே மூன்று வேலை கிடைக்கும் என்றாயே. சிறைச்சாலை மருத்துவப் பிரிவு என்றதும் எனக்குத் தூக்கம் போனது, இப்போது யோசித்தால் அங்கே ஒவ்வொரு வேளைக்கும் ரெண்டு நர்ஸ் என்று நீயே சொன்னாய். மூச்சுவிடத் தொண்டையில் குழாய் வைத்த குழந்தையை வீட்டில் இருந்து பார்க்கும் வேலை உன் கைக்கு ஒத்துவரும், ஆனால் நீ குழந்தைகளிடம் மனதை விட்டுவிடுகிறவள், அதையும் நினைத்துப் பார். டயாலிசிஸ் நிலையம் சாயங்காலம் கதவை மூடிவிடுகிறது, எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. எதுவானாலும் சம்பளம் கேட்பதற்கு முன்னால், எனக்கு அடுத்தவள் வராவிட்டால் யார் வருவார் என்று கேள். மேலாளர் சிரித்து மழுப்பினால் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடு.

இன்னொன்று. விசாரணையில் வெர்னெலுக்காக நான் பேசப்போகிறேன், ஊசி ஏறிய ஆளின் மனைவி நான், என் பேச்சைத் தள்ள முடியாது. இது ப்ரூயிட் காதுக்கு எப்படியோ போய்விட்டது. இப்போதெல்லாம் படுக்கைக்கு ரொம்ப நெருக்கடி, அப்பா விஷயத்தில் பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று வராந்தாவில் வைத்துச் சொன்னார். இந்த ஊரில் வேறு இல்லம் ஏது, தனியாக என்னால் அவரைத் தூக்கவா முடியும்? உன் அப்பாவிடமே கேட்டேன். நான் பேசினால் நம்மை வெளியே அனுப்பினாலும் அனுப்புவார்கள் என்றேன். வழக்கம்போலத் தலையாட்டுவார் என்று நினைத்தேன். ஆட்டவில்லை. வாயைக் கோணிக்கொண்டு, எச்சில் வழிய, ரொம்ப நேரம் எடுத்து, "பேசு" என்றார்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கைபட்டவர்கள் சுகமடையட்டும். ப்ரூயிட்டிடம் வரவில்லை என்று மட்டும் சொல், ஏன் என்று கேட்டால் அம்மாவைக் கேளுங்கள் என்று சொல்லிவிடு. பிறகு உன் வீட்டுக்குப் பக்கத்தில் எங்கள் இருவருக்கும் படிக்கட்டு இல்லாத வீடு வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரித்து வை.

உன் அப்பாவுடையதையும் சேர்த்து முத்தங்களுடன்,
அம்மா எர்லீன்