சிலுவை போட்ட சீட்டு

✝

ஊர்காவற்றுறை,
தை 20

அன்பு மகள் மேரிசுகந்திக்கு,

மாதாவின் துணையால் இங்கே அப்பா, நான், தங்கச்சி அன்ரனிட்டா மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே அந்தக் குளிருக்குள் நீரும் மருமகனும் பேத்தியும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். வாடை இன்னும் விடவில்லை, அப்பா நாலு நாளாய்த் தொழிலுக்குப் போகவில்லை, அது கிடக்கட்டும், ஒரு விஷயம், போனில் சொல்ல வாய் வரவில்லை, அதுதான் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை தங்கச்சியின் பள்ளிக்கூடத்தில் தாய்மாருக்குக் கூட்டம். டெங்கு பற்றியாக்கும் என்று போனால், வந்த மருத்துவிச்சி பிள்ளைகள் பெயர் போடாமல் எழுதிக் கொடுத்த சீட்டுகளை எடுத்து வாசிக்கிறா, என்ர மாதாவே, எல்லாம் ஆண் பெண் விஷயம்! பக்கத்தில் இருந்த கமலாதேவி அக்கா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா. பெயர் போடாவிட்டால் என்ன, பழக்கம் விடுமா, சைவப் பிள்ளைகளின் சீட்டில் பிள்ளையார் சுழி, எங்கட பிள்ளைகளின் சீட்டில் சிலுவை. ஒன்றை அவ தூக்கிப் பிடிக்க, சிலுவைக்குக் கீழே மூன்று புள்ளி. சேசு, மரி, சூசை என்று அன்ரனிட்டாவுக்கு நான் சொல்லிக் கொடுத்த புள்ளி. ஒருத்தர் ஞாயிற்றுக்கிழமை சாட்டிக் கடற்கரைக்குத் தனியா வரச்சொல்லுறார், எனக்கு விருப்பமில்லை, ஏலாது எண்டு எப்பிடிச் சொல்லுறது, அம்மாட்டக் கேட்டா அடிப்பா என்று எழுதியிருந்தது. மருத்துவிச்சி முந்திப் புத்தளத்தில் முஸ்லிம் பள்ளிக்கூடங்களிலும் சிங்களப் பள்ளிக்கூடங்களிலும் வேலை செய்தவவாம், அங்கேயும் பிள்ளைகள் எழுதினது இதேதானாம், வீட்டில் தாய் வாய் திறந்தால்தான் பிள்ளை வெளியில் ஏலாது என்று சொல்லத் துணியுமாம்.

வீட்டுக்கு வந்து கையை ஓங்கினேன், பொய் சொல்லவில்லை. பிள்ளை குசினிச் சுவரோடு ஒடுங்கி நின்றதைப் பார்க்கக் கை தானாக விழுந்து போச்சு. அம்மா விடமாட்டா எண்டு சொல்லு பிள்ளை, பழியை என்னிலை போடு என்றேன். இருவரும் அழுதோம். ஞாயிறு அவள் என்னோடு பூசைக்குத்தான் வந்தாள். ஆனால் அவள் சொன்ன இன்னொன்றுக்காகத்தான் இந்தக் கடிதம். எங்கட அக்காட்டயும் போனில கேட்டனான், கலியாணம் கட்டேக்க தனக்கும் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையாம், தான் பயந்து நடுங்கினதாம் என்றாள். பிள்ளை, நீர் பெரியபிள்ளையானபோது சாமத்தியச் சடங்கை ஊரைக் கூட்டி, வீடியோ எடுத்துச் செய்தோம். நீர் பிளேன் ஏறேக்க மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் பெட்டி கொள்ளாமல் கட்டித் தந்தேன், ஒரு சொல் தரவில்லை.

பேத்திக்குப் பன்னிரண்டு வயதாகப் போகிறது. சடங்குக்கு மண்டபம் பார்க்க முதல் அவளோடு இருந்து இதுகளைக் கதையும், மறக்க வேண்டாம். மாதா உங்கள் மூவரையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். என்னிலை கோபமென்றால் போனில் வாய்விட்டுச் சொல்லும், நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உமக்குச் சொல்ல வெட்கப்பட்ட அம்மா,
யூலியானா