நான்காவது நிமிடப் பச்சை

அன்புள்ள வெய்லின் அண்ணாவுக்கு,

யூச்சிங் எழுதுவது. ஷென்செனிலிருந்து நீ அனுப்பிய கம்பளிக் கழுத்துத்துணி வந்து சேர்ந்தது. விடுதியில் விளக்கணைத்து வெகு நேரமாகிறது. போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். காப்பாளர் லாய் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டால் அணைத்துவிடுவேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

ஃபான் சார் உன் கடையில் வாங்கிய ருபீடியம் அணுக்கடிகாரம் போன வாரம் பள்ளிக்கு வந்தது. பிரித்துப்போட்ட செல்போன் கோபுரத்தின் பழைய பெட்டிதான். ஆனால் அதை இயக்கும் இணைப்பு போர்டு, கோடை விடுமுறையில் உன் கடை மூலையில் உட்கார்ந்து நான் வரைந்தது. ஓரத்தில் வெள்ளை எழுத்தில் என் பெயர். சார் அதை வகுப்பு முழுக்கக் காட்டினார். "நம்ம யூச்சிங் போட்ட போர்டு, பாத்துக்கோங்கடா. உங்க பேரெல்லாம் பெஞ்சுல கீறினதோட சரி" என்றார்.

மின்சாரம் கொடுத்ததும் சிவப்பு விளக்கு. நான்காவது நிமிடம் பச்சை. எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். பெட்டி அணுக்களின் துடிப்பைச் சரியாகப் பிடித்துக்கொண்டால்தான் பச்சை எரிய வேண்டும். அதற்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நேரம் ஆகும், குளிரில் இன்னும் கூடும். இதுவோ மூன்று நாளும் நொடி பிசகாமல் நான்கு நிமிடம். சனிக்கிழமை பெட்டியைக் கழற்றிவிட்டு, வெறும் போர்டுக்கு மின்சாரம் கொடுத்தேன். அப்போதும் பச்சை எரிந்தது, அண்ணா.

போர்டில் ஒட்டியிருந்த உன் கடை ஸ்டிக்கரை உரித்தேன். அடியில் நான் வரையாத ஒரு குட்டிச் சிப். நான்கு நிமிடம் எண்ணிவிட்டுப் பச்சையை எரியவிடுவதுதான் அதன் வேலை. ஸ்டிக்கரை ஒட்ட உனக்கு என் பெயருக்குப் பக்கத்தில்தானா இடம் கிடைத்தது?

நேற்று ஃபோனில் கேட்டபோது நீ சிரித்தாய். "வாங்குறவனுக்குப் பச்சை தெரியணும் பாப்பா, அவ்வளவுதான். நீ போய்ப் படி." நில அதிர்வு நிலையத்துக்கும் இதே போல் பன்னிரண்டு பெட்டிகள் இந்த மாதக் கடைசியில் போகின்றன என்றாய். எங்கே அதிர்ந்தது என்பதை அவர்கள் நேரத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். உனக்குத் தெரியாததா?

எனக்குப் பயமாக இருக்கிறது. சாரிடம் சொன்னால் உன் கடை என்னாகும் என்று பயம். சொல்லாமல் இருந்தால் தூக்கம் வரவில்லை. இன்று மாலை ஆய்வுக்கூடத்தில் அந்தச் சிப்பை எடுத்துவிட்டு, விளக்கை நான் வரைந்தபடியே பெட்டியோடு சேர்த்து ஈயத்தால் பற்றவைத்தேன். ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு மாறவே இல்லை.

வரும் திங்கட்கிழமை சார் வகுப்பில் அதை மறுபடி போடுவார். யார் கேட்டாலும், போர்டை வரைந்தது நான் என்று சொல்வேன். சிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியவன் நீ. அதற்குள் வந்துவிடு, அண்ணா. அந்தப் பன்னிரண்டையும் அனுப்பாமல் வா.

கழுத்துத்துணியை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். இரவு ரயிலில் குளிரும். சுற்றிக்கொண்டு வா.

உன் தங்கை,
யூச்சிங்