அத்தானின் வலது கை

எனக்கு முன்னே பிறந்து, முன்னேயே போய்விட்ட என் அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷமாகிறது. உன் மகள் கவிதா என்னோடுதான் இருக்கிறாள். இன்னொரு விஷயமும் இருக்கிறது, கோபிக்காதே. உன் வீட்டுக்காரரும் இப்போது குருபோங்கில் என் வீட்டு முன் அறையில்தான் கிடக்கிறார்.

பக்கவாதம். கூட்டிப்போக ஆளில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். "விடுங்க சின்னம்மா. அம்மாவ அடிச்ச கைதானே விழுந்துச்சு, கிடக்கட்டும்லா," என்றாள் கவிதா. எனக்கு உன் குரல்தான் கேட்டது.

சனிக்கிழமைகளில் நீ புக்கிட் பெருவாங்கிலிருந்து வருவாயே, நாம் சேர்ந்து பார்த்த அந்த விண்வெளித் தொடர் நினைவிருக்கிறதா? படத்துக்குக் கீழே ஓடும் மலாய் எழுத்தைப் படித்துப் படித்தே கதையைப் பிடித்துக்கொள்வோம். காற்று தீரப்போகும் சின்னக் கலத்திலிருந்து எதிரித் தளபதி உதவி கேட்டான். கப்பல் தலைவி யோசித்தாள். "சேக்காதடி!" என்று நான் கத்தினேன். நீ என் தொடையில் ஒரு போடு போட்டாய். "மூச்சு முட்டிச் சாவட்டும்னு பாத்துக்கிட்டு நிக்கிறதா?"

அவள் சேர்த்துக்கொண்டாள். மருந்து போட்டாள். எழுந்து நடந்த அன்றே அவன் கீழ்த்தளத்தின் காற்றை அடைத்துவிட்டான். செத்தது இயந்திர அறை வேலையாட்கள். தலைவிக்கு ஒரு கீறலும் இல்லை. அப்போதும் நீ, "காப்பாத்துனது தப்பில்ல," என்றாய். யாரை மனதில் வைத்துச் சொன்னாய், அக்கா?

நானும் சேர்த்துக்கொண்டேன். எத்தனை கரண்டி கஞ்சி, எத்தனை மணிக்கு மாத்திரை, எல்லாம் நோட்டில் எழுதுகிறேன். போன வாரத்திலிருந்து அவருடைய வலது கை விரல்கள் எவ்வளவு மடங்குகின்றன என்றும் எழுதுகிறேன்.

பேச்சு திரும்பியதும் அவர் முதலில் பேசியது கவிதாவிடம். வேலை முடிந்து உள்ளே வந்தவளை, "எங்கடி சுத்திட்டு வர்ற?" என்றார். அவள் கையிலிருந்த சாப்பாட்டுப் பொட்டலம் கீழே விழுந்தது. இப்போது தன் அறையை உள்ளே தாழ் போட்டுக்கொள்கிறாள்.

நேற்று பயிற்சி கொடுக்க வந்த தாதி அவரை வாக்கரைப் பிடித்து மூன்று அடி நடக்க வைத்தாள். "பாகூஸ் அங்கிள், பாகூஸ்லா!" என்று மெச்சிக் கைதட்டினாள். நானும் தட்டினேன். கவிதா தட்டவில்லை. என்னையே பார்த்தாள்.

இரக்கப்பட்டது நான். அதற்குப் பயந்து சாகிறது அவள். இது என்ன புண்ணியம்? சூரனையே முருகன் மயிலாக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டான் என்பாய். மாறிய பிறகுதானே, அக்கா? இவர் எங்கே மாறினார்?

தெங்கேராவில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை கொண்டுபோய் விடுகிறேன். வாரா வாரம் என் கையால் சமைத்து எடுத்துப்போவேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

இதை எழுதும்போது முன் அறையில் வாக்கர் இழுபடுகிற சத்தம் கேட்கிறது. இன்று தாதி வரும் நாள் இல்லை.

கவிதா வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. பஸ் நிற்கும் இடத்துக்கே போய் நிற்கப்போகிறேன். திங்கள்வரை அந்தப் பிள்ளையை இந்த வீட்டில் ஒரு நிமிஷமும் தனியே விடமாட்டேன். உன்மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
கவிதாவின் சின்னம்மா