மேசைக் கைப்பிடி

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் அத்தானுக்கு இருமல் விட்டபாடில்லை, டாக்டரிடம் போகச் சொன்னால் கேட்கிற ஆளா அவர்?

நீ எங்கள் தையல் கம்பெனியில் சேர வருவது சந்தோஷம்தான். உடனே பதில் போடவில்லை என்று கோபிக்காதே. எழுத உட்கார்ந்தால் பேனா நழுவி நழுவிப் போகிறது.

இங்கே புது மேசைகள் வந்து இரண்டு வருஷமாகிறது. கைப்பிடியைச் சுற்றினால் உயரும், தாழும். அப்போதே ஒரு டாக்டரம்மா வந்து, அவரவர் உயரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், கழுத்து குனியக் கூடாது, மணி அடித்தால் எழுந்து கையை உதறுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரே மேசையில் பகலுக்கு ஒருத்தி, இரவுக்கு ஒருத்தி. தினமும் யார் சுற்றுவது என்று கைப்பிடியைத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டோம். மணி அடித்தால் காலரில் தொங்கும் நூலை நறுக்குகிறோம். சும்மா நிற்க யாருக்கு மனசு வரும்?

எனக்கு முன்னால் என் மேசையில் இருந்தவளை மின்னல் என்போம், அத்தனை வேகம். ஆள் குள்ளம். மேசை இன்னும் அவள் உயரத்தில்தான் இருக்கிறது. அவள் வேலையை விட்டபின் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். கைக்குழந்தையைத் தூக்கி மடியில் வைக்கக்கூட வீட்டுக்காரர்தான் வரவேண்டும். தன் இடத்தில் யார் என்று கேட்டாள். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

எனக்கு ஒன்றுமில்லை. காலையில் விரல்கள் மரத்திருக்கும், உதறினால் சரியாகும். இப்போது கொஞ்சம் அதிகமாக உதற வேண்டியிருக்கிறது. நேற்று வெந்நீர்ப் பாத்திரம் கைநழுவியது. சின்னவள் பக்கத்தில்தான் நின்றாள். நல்லவேளை, அவள்மேல் படவில்லை. ஆனால் பயந்துவிட்டேன்.

சூப்பர்வைசர் என்னைப் பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றிவிட்டு, என் இடத்தை உனக்குத் தருகிறாராம். அக்காவுக்குப் பின் தங்கை என்று எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்து வைத்தேன். நீயோ என்னைவிட நெட்டை.

இன்று யாருமில்லாத நேரம் பார்த்து, கைப்பிடியில் கட்டிய துணியை வெட்டிவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். என் விரல்களுக்குப் பிடி கிடைக்கவில்லை. பக்கத்து வரிசையில் யாரையாவது கூப்பிட வெட்கமாக இருந்தது. வேறு துணியைச் சுற்றி மறைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

வந்ததும் முதல் வேலையாக அதைப் பிரித்து மேசையை உயர்த்து. சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மணி அடித்தால் எழுந்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன். உறைமேல் விலாசத்தை அத்தானை எழுதச் சொல்கிறேன். நீயும் உன் கைகளும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா