டிரா வேண்டாம் என்றேன்

ஞாயிறு இரவு, கூலாய் நகரம்.

இன்று சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்றில் எனக்கு எதிரே பொந்தியான் ஊர்க்காரர் ரஹீம் அண்ணன். அவருடைய ரேட்டிங் என்னுடையதைவிட ஐந்நூறு புள்ளி அதிகம். தோற்கத்தான் போகிறேன் என்று நினைத்தே உட்கார்ந்தேன்.

பாதி ஆட்டத்தில் அவரே, "டிரா வச்சிக்கலாமா தங்கச்சி?" என்றார்.

சந்தோஷத்தில் கை நீட்டப்போனேன். அப்போதுதான் பலகையை ஒழுங்காகப் பார்த்தேன். அவருடைய ராஜா தனியாக நின்றது. என் யானைகள் இரண்டும் அதை நெருங்கியிருந்தன.

"வேணாம்ணே, விளையாடலாம்."

அதன்பிறகு அவருடைய ரேட்டிங் என் நினைவுக்கே வரவில்லை. கடைசியில் என் கடிகாரத்தில் நேரம் தீர்ந்து தோற்றேன்.

கை குலுக்கும்போது, "நான் பயந்துதான் டிரா கேட்டேன் லா" என்று சிரித்தார்.

டிராவையே எடுத்திருக்கலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். இருக்கலாம். அடுத்த முறை துணிவேனா, தெரியவில்லை. ஆனால் இன்று தோற்றுவிட்டு வந்தும் நன்றாகப் பசித்தது.